பல்லுக்கு எங்கள் ஊர்ச் சொல்

காலையில் லோசானாவுக்கு ஒரு பெயர் இருந்தது. வெயில் ஏறுவதற்குள் அது அவளைவிட்டுப் போய்விட்டது.

ஸ்கோப்பியே நகரப் பூங்காவில் அன்று கால் வைக்க இடமில்லை. நாற்பது வருஷத்துக்கு முன்னால், உள்நாட்டுப் போரில் ஊர்கள்மேல் குண்டு விழத் தொடங்கியபோது எல்லை தாண்டி அனுப்பிவைக்கப்பட்ட குழந்தைகள், அன்றுதான் முதல்முறையாக ஒரே இடத்தில் கூடியிருந்தார்கள். தாஷ்கந்தில் வளர்ந்தவர்கள், டொரண்டோவுக்குப் போய்ச் சேர்ந்தவர்கள், அவளைப் போலப் போலந்தில் வளர்ந்தவர்கள். தலை நரைத்து, இடுப்பு பருத்து, கண்ணாடி போட்ட குழந்தைகள். முகத்தை வைத்து யாரையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் கண்ணில் பட்டவர்களையெல்லாம் தோளைப் பிடித்து நிறுத்தி ஒரே கேள்வியைக் கேட்டார்கள். நீ யார் வீட்டுப் பிள்ளை?

லோசானாவிடம் பதில் தயாராக இருந்தது. லேரின் பக்கம், பெலோ போலே ஊர், ரிஸ்தோவின் மகள். அவளுடைய காகிதங்கள் அப்படித்தான் சொல்லின. பெலோ போலேக்காரர்கள் ஒரு பெரிய மரத்தடியில் துணி விரித்து உட்கார்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, தோழி சோஃப்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். அம்மா அங்கே இருப்பாளா, இல்லாவிட்டாலும் அம்மாவைத் தெரிந்தவர்கள் இருப்பார்களா என்பதைத் தவிர அவள் மனதில் வேறொன்றும் இல்லை. மூச்சு வாங்கத் தன் பெயரைச் சொன்னாள். அவித்த பீன்ஸைக் கரண்டியால் பரிமாறிக்கொண்டிருந்த சிவப்புத் தொப்பிக்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

"ரிஸ்தோ மக லோசானாவா? அது நான்ல."

முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு ஒவ்வொரு வாயாக நின்றது. தொப்பிக்காரி டொரண்டோவிலிருந்து வந்தவள். அப்பா ரிஸ்தோவின் முகத்தை அப்படியே வைத்திருப்பதாக அங்கிருந்தவர்கள் எல்லாரும் அவளைப் பற்றிச் சொன்னார்கள். ஒரு கிழவருக்குத்தான் மெல்ல நினைவு வந்தது. புறப்படும் நேரத்தில் ரிஸ்தோவின் மனைவி மனசு கேட்காமல் மகளை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டாள். ஆனால் பட்டியலில் பெயர் எழுதியாகிவிட்டது. எல்லையில் வைக்கோல் மேல் தூங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தையை, அது யாருடையது என்று தெரியாமலே, அந்தப் பெயரில் ஏற்றிவிட்டார்கள்.

"எண்ணிக்கை சரியா இருக்கணும்ல," என்றார் கிழவர், தானே ஏற்றிவிட்டவர் போலக் கூச்சத்துடன். "அந்தப் புள்ள வாயே தொறக்கல. ஊமைன்னு நெனச்சோம்."

அது உண்மைதான். அவள் மாதக்கணக்கில் பேசவில்லை என்று போலந்து விடுதியிலும் சொல்லியிருக்கிறார்கள். பேசத் தொடங்கியபோது அவள் லோசானாவாக இருந்தாள். அதற்கு முன்பு என்னவாக இருந்தாள் என்று கேட்க யாரும் இல்லை.

டொரண்டோ லோசானாவுக்குக் குற்ற உணர்ச்சி தாங்கவில்லை. உட்காரவைத்தாள், பீன்ஸ் வைத்தாள், சுட்ட மிளகாய் வைத்தாள், கடைசியில் ஐஸில் கிடந்த தர்பூசணியிலிருந்து ஒரு பெரிய துண்டை வெட்டிக் கையில் திணித்தாள். பெயரை இழந்தவள் என்ன செய்வதென்று தெரியாமல் அதைக் கடித்தாள். சில்லென்று பல்லில் ஏறியது. ஆ, பல்லு, என்றாள்.

எதிரில் இருந்த கிழவர் காதில் கையை வைத்தார்.

"இப்ப என்ன சொன்ன?"

"பல்லு கூசுதுன்னேன்."

"அது தெரியுது. பல்லுக்கு என்ன சொன்ன?"

"ஸம்ப்."

கிழவர் மற்றவர்களைப் பார்த்தார். பெலோ போலேயில் பல்லுக்கு ஸாப் என்றுதான் பெயர். லேரின் முழுக்க ஸாப். இந்த ஸ்கோப்பியே நகரத்துப் பள்ளிப் புத்தகத்திலும் ஸாப்தான். நடுவில் அந்த 'ம்' எங்கிருந்து நுழைந்தது?

"அது கோஸ்தூர் வாய்," என்றார் கிழவர். "அவங்கதான் பல்லக்கூட மூக்கால மெல்லுவாங்க. நீ அந்தப் பக்கத்துப் புள்ள. ஓடு, அந்தக் கோடியில இருக்காங்க, ஓடு."

அவள் எழுந்த வேகத்தில் தர்பூசணி சோஃப்காவின் மடியில் விழுந்தது.

இருவரும் ஓடினார்கள். சோஃப்கா போலந்தில் டிராம் ஓட்டுகிறவள். கூட்டத்தில் வழி கேட்காமல், ஒதுங்கச் சொல்லி அதட்டியே வழி உண்டாக்கினாள். நாற்பது வருஷமாக லோசானா காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரோ தன் வாய்க்குள் இருந்திருக்கிறது. தினமும் காலையில் அதைத் துலக்கியிருக்கிறாள். சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே ஓடினாள்.

கோஸ்தூர்க்காரர்கள் பக்கம் பாந்தோ என்பவர் நின்றிருந்தார். அடர்ந்த மீசை, கையில் விசிறி. யாரும் நியமிக்காமலே அவர் அங்கே காவல்காரர். கோஸ்தூர் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களையெல்லாம் நாலு வார்த்தை பேசவிட்டுக் கேட்டுத்தான் உள்ளே விடுவதாக அவரே சொன்னார். லோசானாவிடம் பல்லைத் தொட்டுக் காட்டினார். ஸம்ப் என்றாள். கையைக் காட்டினார். ரன்க்கா என்றாள். அடுத்து ஒரு புறாவைக் காட்டினார். அவள் கொஞ்சம் யோசித்து, கலம்ப் என்றாள். பாந்தோவின் மீசை அகன்றது.

"வா தாயி, வா. எங்க பொண்ணுதான். மூக்கைப் பாரு, எப்படி மணியாட்டம் அடிக்குது. எங்கேருந்து வர்ற?"

போலந்திலிருந்து என்றாள்.

அவர் விசிறியை நிறுத்தினார்.

"போலந்துல என்ன வேலை?"

பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் போலிஷ் மொழி சொல்லிக்கொடுக்கிறேன் என்றாள். சொல்லும்போதே அவளுக்கும் புரிந்துவிட்டது.

"அவங்க பல்லுக்கு என்னம்மா சொல்றாங்க?"

"ஸோம்ப்."

"கைக்கு?"

"ரென்க்கா."

பாந்தோ கெட்டவரில்லை. அவருக்கே வருத்தமாக இருந்தது. புறாவைப் பற்றி அவர் கேட்கவில்லை. பழைய மொழியில் இருந்த மூக்கொலியை மற்ற ஊர்களெல்லாம் விட்டுவிட்டபோது விடாமல் வைத்துக்கொண்டவர்கள் கோஸ்தூர்க்காரர்கள். அதே போலப் போலந்துக்காரர்களும். இரண்டு பேரும் ஒரு வார்த்தையில் கடைசிக்கு முந்தின அசையைத்தான் அழுத்திச் சொல்வார்கள். வாய் கோஸ்தூருடையதா போலந்துடையதா என்று யார் சொல்ல முடியும்? போலந்தில் வளர்ந்த லேரின் பிள்ளை ஒன்று காலையில் இதே போல வந்து ஸம்ப் ஸம்ப் என்றதாகவும், விசாரித்தால் அதற்குக் கோஸ்தூர் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியவில்லை என்றும் பாந்தோ சொன்னார்.

"நான்கூட போலந்துலதான் வளந்தேன். எனக்கு ஸாப்னுதான வருது?" என்று சோஃப்கா சண்டைக்குப் போனாள்.

"நீ டிராம் ஓட்டுற. அவ வாத்தியார்," என்றார் பாந்தோ.

லோசானா போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். சோஃப்கா பின்னாலேயே வந்தாள். இவள் பேச்சை நிறுத்தினால் எவ்வளவு நேரம் நிறுத்துவாள் என்று சிறு வயதிலிருந்தே தெரிந்தவள். பக்கத்தில் உட்கார்ந்து மடியில் ஒட்டியிருந்த தர்பூசணி விதைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள்.

விடுதியில் பிள்ளைகள் ஊர்ச்சொல் ஒன்றைச் சொன்னால் ஆயாக்கள் புரியாமல் விழிப்பார்கள். சொன்ன பிள்ளை அடுத்த முறை அந்தச் சொல்லை எடுக்காது. அப்படியே ஒவ்வொன்றாகப் போயிற்று. ரொட்டி போயிற்று, வாசல் போயிற்று, மழை போயிற்று. ஸம்ப் என்றபோது மட்டும் ஆயா அவளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, இதற்குள் நம் மொழி பேசுகிறாளே என்று எல்லாரிடமும் காட்டினாள். அம்மாவின் சொற்களில் எது போலந்துச் சொல்லைப் போல இருந்ததோ அது மட்டுமே பிழைத்தது. அப்படிப் பிழைத்த சொல்லை அம்மாவுடையது என்று எப்படி நம்புவது? வகுப்பில் பிள்ளைகளின் மூக்கொலியை வருஷக்கணக்காகத் திருத்தியவள் அவள்தான்.

ஆனால் அம்மா அந்தச் சொல்லைத் தனியாகச் சொல்லவில்லை. ஒரு வாக்கியமாகச் சொன்னாள். லோசானாவுக்கு அம்மாவிடமிருந்து கிடைத்தது அந்த ஒரே வாக்கியம். முதல் பால்பல் விழுந்த அன்று, வாசலில், பல்லை அவள் உள்ளங்கையில் வைத்து, கூரையைக் காட்டிச் சொன்னது. காக்கை அதை எடுத்துக்கொண்டு இரும்புப் பல் கொண்டுவந்து தரும்.

ஃபர்லி கோ ஸம்போ.

எறிஞ்சிடு அதை, பல்லை.

அவள் அதை மனதுக்குள் இரண்டு முறை சொன்னாள். பிறகு வாய்விட்டுச் சொன்னாள். பிறகு ஒரு மாணவன் இதை நோட்டில் எழுதிக்கொடுத்தால் என்ன செய்வேன் என்று யோசித்தாள். சிவப்பு மை எடுத்து அந்த 'கோ'வை அடித்திருப்பாள். பல்லை எறி என்றால் போதுமே, அதை என்று ஒரு முறை, பல்லை என்று இன்னொரு முறை எதற்கு? போலிஷில் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். அடுத்து, பல்லின் வாலில் ஒட்டியிருந்த அந்த 'ஓ'. இன்ன பல் என்று சுட்டுகிற வால். போலிஷில் எந்தச் சொல்லுக்கும் அப்படி வால் கிடையாது. இங்கே ஸ்கோப்பியேயில் வால் உண்டு, ஆனால் நுனியில் 'த்' வைத்து ஸாபோத் என்பார்கள். அவளுடைய வாலில் 'த்' இல்லை.

"சோஃப்கா, எந்திரி."

"இவ்வளவு சீக்கிரமாவா?" என்றாள் சோஃப்கா.

பாந்தோ ஒரு பன்றி இறைச்சித் துண்டைக் கத்தியில் குத்தி வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். லோசானா அவர் முன்னால் போய் நின்று மூச்சுவிடாமல் சொன்னாள்.

"மாமா, போலந்து குடுத்திருந்தா வால் இருக்காது. ஸ்கோப்பியே குடுத்திருந்தா மூக்கு இருக்காது. எனக்கு ரெண்டும் இருக்கு. ஃபர்லி கோ ஸம்போ. இத யார் குடுத்தா?"

கத்தி பாதி வழியில் நின்றது. பாந்தோ அந்த மூன்று சொல்லையும் மெல்லத் தனக்குள் சொல்லிப் பார்த்தார். அவர் அம்மாவும் அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும். அவர் கண்கள் கொஞ்ச நேரம் அங்கே இல்லை.

"சரிதான்," என்றார். "இது வீட்டுல கெடச்சதுதான். ஆனா கோஸ்தூர்ல எத்தனை ஊர் இருக்கு தெரியுமா? எல்லா ஊர்லயும் பல்லு விழும்."

ஒலிபெருக்கியில் சொல்லுவோம் என்று சோஃப்காதான் சொன்னாள். பாந்தோ இறைச்சியை அப்படியே வைத்துவிட்டுக் கூடவே வந்தார். மேடையில் ஒரு இளம்பெண் காலையிலிருந்து பெயர்களை அறிவித்துக்கொண்டிருந்தாள். இஸ்திரி போட்ட சட்டை, இஸ்திரி போட்ட பேச்சு. லோசானா சொன்னதை அக்கறையாகக் கேட்டுக்கொண்டு மைக்கில் சொன்னாள். போலந்திலிருந்து வந்திருக்கும் அம்மையார் ஒருவர் தம் குடும்பத்தைத் தேடுகிறார். பல்லைக் கூரைமேல் எறியுமாறு தாயார் கூறியது அவருக்கு நினைவிருக்கிறது. ஸாபோத் என்றாள், நறுக்குத் தெறித்தாற்போல. ம் போயிற்று, வால் மாறிற்று. வாக்கியம் குளித்துத் தலைசீவி வேறொருத்தி வீட்டுக்குப் போய்விட்டது.

காத்திருந்தார்கள். ஒருவர் வேகமாகக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். லோசானா அவரை நோக்கி ஓடினாள். அவர் ஒரு தோல்பையைத் திறந்து, தான் பல் வைத்தியர் என்றும் எந்தப் பல் என்றும் கேட்டார்.

சோஃப்கா மேடைப் படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். லோசானா சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணிடம், நான் சொன்னதை ஏன் மாற்றினாய் என்று கேட்டாள்.

"மாத்தலையே அக்கா, சரிபண்ணித்தான் சொன்னேன். மைக்ல தப்பா பேசினா எங்களைத் திட்டுவாங்க."

"என்னை யாரும் திட்ட மாட்டாங்க. குடு."

மைக்கை வாங்கிவிட்டாள். கீழே அத்தனை தலைகள். வகுப்பில் பேசுகிற குரல் தொண்டைக்கு வந்தது, அதை விழுங்கினாள். ஸ்கோப்பியேக் குரல் வந்தது, அதையும் விழுங்கினாள். அவள் நின்றதைப் பார்த்து, பாந்தோ கீழேயிருந்து தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஃபர்லி கோ ஸம்போ," என்றாள்.

ஒலிபெருக்கிகள் அதை மரம் மரமாகக் கொண்டுபோயின. அறிமுகம் இல்லை, பெயர் இல்லை, விளக்கம் இல்லை. பூங்கா முழுக்க ஒரு அம்மா ஒரு பிள்ளையிடம் சொல்வது போலக் கேட்டது. இன்னொரு முறை சொன்னாள். கோஸ்தூர்ப் பக்கம் பேச்சு அடங்கியது. அந்த அமைதி கொஞ்சம் கொஞ்சமாக மேடையை நோக்கி நகர்ந்து வந்தது போல அவளுக்குத் தோன்றியது.

அப்புறம் ஆட்கள் வந்தார்கள். தங்கையைத் தொலைத்த ஒருவர், அத்தை மகளைத் தேடும் ஒருத்தி, யாரையும் தேடாமல் அந்தப் பேச்சைக் கேட்டு அழுகை வந்ததால் வந்துவிட்ட இரண்டு பெண்கள். பாந்தோ ஒவ்வொருவராக விசாரித்தார். ஒருவர் வீட்டில் பல்லை அடுப்பில் போடுவார்கள். இன்னொருவருடைய தங்கை போனபோது பல் விழும் வயதே இல்லை, அப்போதுதான் பல் முளைத்திருந்தது. லோசானா ஒவ்வொரு முகத்தையும் பார்த்துப் பார்த்துச் சோர்ந்துபோனாள்.

கடைசியில் ஒருவன் வந்தான். தாஷ்கந்துக் கூட்டத்திலிருந்து வந்தவன். ரொட்டிக்குள் வைத்த கெபாப்பைக் கடித்துக்கொண்டே வந்தான். பெயர் லாம்ப்ரோ என்றான். வயது நாற்பது இருக்காது. பாந்தோ அவனைக் கையால் ஒதுக்கினார்.

"போ தம்பி. அந்த வருஷம் நீ பொறக்கவே இல்ல."

"பொறக்கல," என்று ஒப்புக்கொண்டான் லாம்ப்ரோ. "ஆனா இந்த அக்கா சொன்னதுக்கு மிச்சம் எனக்குத் தெரியும். எங்க அக்கா மித்ரா பல்லை எறிஞ்சாளாம். அது கூரைக்குப் போகலயாம். பக்கத்து வீட்டு வாசல்ல ஆறவச்சிருந்த பால் அண்டாவுல போய் விழுந்துச்சாம்."

பல்லுக்கு அவன் ஸம்போ என்றான். தாஷ்கந்தில் ரஷ்ய மொழியில் பல்லுக்கு ஸூப் என்பார்கள். அங்கே மூக்கும் கிடையாது, வாலும் கிடையாது. பாந்தோ ஒதுக்கிய கையை இறக்கினார்.

லோசானாவின் காதில் அண்டா கணீரென்றது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும் அளவுக்கு அது நினைவாகவும் இருந்ததில்லை. ஒரு செம்பு ஓசை. உடனே அம்மாவின் கை அவள் வாயைப் பொத்துகிறது. இருவரும் ஒரு சுவருக்குப் பின்னால் குனிந்திருக்கிறார்கள், அம்மாவின் வயிறு சிரிப்பில் குலுங்குகிறது. எதற்காக ஒளிந்தோம், எதற்காகச் சிரித்தோம் என்று அவளுக்குத் தெரிந்ததே இல்லை.

"செவுத்துக்குப் பின்னால ஒளிஞ்சோம்," என்றாள்.

"ஒளிஞ்சாங்களாம்," என்றான் லாம்ப்ரோ. "பக்கத்து வீட்டுக்காரி காக்காவைத் திட்டினாளாம்."

சோஃப்கா எழுந்து நின்றுவிட்டாள். லோசானாவோ அவன் முகத்தைப் பார்க்கவில்லை, அவன் வாயைப் பார்த்தாள். கண்ணால் கண்டவன் பேசுகிற வினை வேறு, காதால் கேட்டவன் பேசுகிற வினை வேறு. எங்கள் மொழியில் இரண்டையும் யாரும் கலக்க முடியாது. எறிஞ்சாளாம், விழுந்துச்சாம், ஒளிஞ்சாங்களாம். எல்லாமே யாரோ சொல்லக் கேட்டவை. சுவருக்குப் பின்னால் இருந்தது இரண்டே பேர். ஒருத்தி இங்கே நிற்கிறாள்.

யார் சொன்னார்கள் என்று கேட்கப்போனாள். சொன்னார்கள் என்று முடித்துவிடப் பயமாக இருந்தது. வினையே வைக்காமல் கேட்டாள்.

"யாரு?"

லாம்ப்ரோ கெபாப்பை ஒரு கடி கடித்திருந்தான்.

"அம்மா," என்றான் வாய் நிறைய.

அதிலும் வினை இல்லை. அவள் காத்திருந்தாள். சொல்லுவா என்றால் அது எப்போதோ முடிந்துபோன காலமாகவும் இருக்கலாம். சொன்னா என்றால் ஒரு கல்லறைதான். அவன் மென்றான். மறுபடி மென்றான். மைக்கை வாங்க வந்த அந்த இஸ்திரிச் சட்டைப் பெண்கூடக் கையை நீட்டியபடியே நின்றாள்.

"முழுங்கித் தொலைடா," என்றார் பாந்தோ.

அவன் விழுங்கினான்.

"அம்மாதான் சொல்றா. பால் காய்ச்சும்போதெல்லாம் இதையேதான் சொல்றா. எங்களுக்குக் கேட்டுக் கேட்டுப் புளிச்சுப்போச்சு."

"இன்னொரு தடவ சொல்லு."

"பால் காய்ச்சும்போதெல்லாம்..."

"அது வேணாம். மொத சொன்னது."

அவனுக்கு அப்போதுதான் எதிரில் நிற்பது யார் என்பது மூளையில் ஏறியது. கையிலிருந்த ரொட்டி சாய்ந்து வெங்காயம் கொட்டியது.

"அம்மா சொல்றா," என்றான், மிகவும் மெதுவாக.

மைக் அவள் கையிலேயே இருந்தது. யாரும் அதை அணைத்திருக்கவில்லை. அவன் மெதுவாகச் சொன்னதை ஒலிபெருக்கிகள் பூங்காவின் நான்கு மூலைக்கும் எடுத்துப்போயின. கோஸ்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கூச்சல் கிளம்பியது. அது லேரின் பக்கம் பரவி, சிவப்புத் தொப்பி ஒன்று அங்கே மரத்துக்கு மேலே பறந்தது.

எந்த ஊர்டா, ஊர் பேரைச் சொல்லு என்று பாந்தோ லாம்ப்ரோவின் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு முழங்கால் வலி, வெயில் ஆகாது, தாஷ்கந்தைவிட்டு வந்து இப்போது பிட்டோலா நகரில் வீட்டில் இருக்கிறாள் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். ஊர்ப் பெயரையும் ஏதோ சொன்னான். மித்ரா அதைக் கேட்கவில்லை. அவள் மேடைப் படியை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கி, எதிர்ப்பட்டவர்களையெல்லாம் தோளைப் பிடித்து நிறுத்தி, பிட்டோலா பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.